மாஸ்டர் கீ வேண்டாம் என்றதற்குக் காரணம்

என் விரல்களைக் குதிகாலால் மிதித்தவன் படித்தவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவன். படுபாவி, படித்திருந்ததால்தான் நான் பிழைத்தேன்.

அப்போது கொண்டாப்பூரில் குடியிருந்தேன். வாரம் முழுக்கச் சம்பளத்துக்கு வேலை. சனி ஞாயிறுகளில், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸுக்குச் சும்மா உழைப்பு. அதில் தகவலைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷன் வசதியைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். எந்த முடிவானாலும் ஏன் எடுத்தோம் என்று ஊரறிய இணையத்தில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். முடிவுக்கு முன் போட்ட சண்டையும் அடியில் அப்படியே கிடக்கும். யாரும் அழிக்கக் கூடாது.

பெரிய சண்டை மாஸ்டர் கீக்காக. கூட வேலை செய்த நண்பன் பாலாநகரில் வளர்ந்த தமிழன். பாஸ்வேர்டை மறந்தவர்களுக்காக, எல்லாவற்றையும் திறக்கும் ஒரு சாவி அட்மினிடம் இருக்கட்டும் என்றான். கூடவே கூடாது என்றேன். கோபம் ஏறினால் எங்களுக்கு இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வரும், அந்த ஊர் உருதும் கலக்கும். "கைக்கு, ஏன் இந்தப் பிடிவாதம்? டேட்டா போச்சுன்னு அழறவங்க கண்ணை நீ வந்து துடைப்பியா, பைத்தியமே?" என்று எழுதினான். "உன் மண்டையில என்ன, களிமண்ணா?" என்று பதில் போட்டேன். மாதக்கணக்கில் நாறியது. கடைசியில் மாஸ்டர் கீ வேண்டாம் என்றே முடிவானது.

கணவன்மாரிடம் அடிபட்டுத் தப்பிவந்த பெண்களுக்கான ஓர் இல்லம் எங்கள் டேட்டாபேஸை வைத்திருந்தது. எந்தப் பெண் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறாள் என்பது அதில் பூட்டியிருந்தது. அவர்கள் கம்ப்யூட்டரை நான்தான் பார்த்துக்கொண்டேன், அதாவது அட்மின். ஆனால் சாவி இல்லத்தில் யாரிடம் என்று எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்களில் ஒருத்தியின் கணவன், நான்தான் அட்மின் என்று எப்படியோ மோப்பம் பிடித்து, இரண்டு தடியன்களோடு என் வீட்டுக்குள் நுழைந்தான்.

"என் பொண்டாட்டி எங்கே? திற அதை."

"என்னால முடியாது. சாவி என்கிட்ட இல்லை."

அறைந்தான். "நாடகம் நக்கோ, வேணாம். நீதானேடி அட்மின்?"

ஒரு தடியன் என் தலைமுடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான். வாயெல்லாம் ரத்தம். உயிர் போகிற பயத்திலும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "படிச்சவன்தானே நீ? படிச்சுப் பாரு!" என்று மாஸ்டர் கீ வேண்டாம் என்று நாங்கள் எழுதிவைத்த பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

படித்தான். "இதை யார் வேணா எழுதலாம்" என்று என்னைக் கீழே தள்ளி, வலது கை விரல்களை மிதித்தான். எலும்பு முறிவது காதில் கேட்டது. ஐயோ என்று அலறினேன். "கீழே போ... சண்டையைப் படி!"

தடியன் என் முதுகில் முழங்காலை ஊன்றியிருக்க, அவன் நிதானமாகப் படித்தான். களிமண் வந்த இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தான். எங்கள் முடிவை நம்பாதவன் எங்கள் சண்டையை நம்பினான். இத்தனை வசவைப் பொய்யாக யார் எழுதிவைப்பார்கள்?

"அப்போ சாவி யார்கிட்ட?"

"தெரியாது. அட்மினுக்கு அதைச் சொல்லக் கூடாதுன்னும் எழுதியிருக்கு. பாரு."

பார்த்தான். என் விலாவில் உதைத்தான், லேப்டாப்பைச் சுவரில் அடித்து நொறுக்கினான், தடியன்களோடு போய்விட்டான். அவன் மனைவியை அன்றே இல்லத்தார் ஊர் மாற்றினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நண்பன் வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டான்.

"மாஸ்டர் கீ இருந்திருந்தா உன்னை விட்டிருப்பான்ல?"

"ஹவ், ஆமா. முதல் அடிக்கே கொடுத்திருப்பேன். அவளைத் தேடிப்போய் வெட்டியிருப்பான்."

அவன் மறுபடி அழுதான். "மாஸ்டர் கீ வேண்டாம்னதுக்கு எழுதின காரணத்துல இதையும் சேர்க்கணும். எனக்குக் கை இல்லை, நீ எழுது" என்றேன்.

தன் லேப்டாப்பைத் திறந்தான். "என்னன்னு எழுத?"

"சாவி இருந்தா அட்மினை அடிப்பாங்க, அவ கொடுத்துடுவான்னு எழுது."

"முதல் அடிக்கேன்னு போடவா?"

"போடு. அழாம போடு."