வெந்த வைரம்

கல்லை உதட்டருகே கொண்டுபோய் மெல்ல ஊதுகிறார். படிந்த ஆவி அந்தக் கணமே மறைகிறது. "அசல்தான். சூட்டைக் கையில வெச்சுக்கவே தெரியாது இதுக்கு" என்றபடி அடுத்த கல்லை எடுக்கிறார் பட்டைக்காரம்மா. வைரத்துக்குப் பட்டை தீட்டுவதால் அந்தப் பெயர்.

மாடியில் அவருக்கும் கணவருக்கும் ஒரே அறை. சன்னலோரம் அவர் கல் தீட்டும் சுழல்தட்டு, எதிர்ச் சுவரோரம் கணவரின் நகைப்பட்டறை. நான் பக்கத்து அறைக்காரன். பட்டைக்காரம்மாவின் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். எழுதுவதற்கல்ல. மேசை இழுப்பறை இறுகினால் அதன் முனையை ஓரத்தில் தேய்ப்பார், வழுக்கிக்கொண்டு வரும். "இதுவும் கரி, வைரமும் கரி. ஒரு வயித்துப் பிள்ளைங்கதான், குணத்தைப் பாருங்க சார்!" சுழல்தட்டில் எண்ணெயோடு பூசியிருப்பது வைரத்தூள். வைரத்தைத் தேய்க்க வேறெதற்கும் வலுவில்லை.

போன செவ்வாயன்று கணவர் ஒரு மோதிரத்தின் விரிசலைப் பற்றவைத்தபோது, கல்லுக்குத் தீ தாங்கும் காப்புப் பசை பூச மறந்துவிட்டார். கல் பாலாய் வெளுத்துவிட்டது.

"லேசாத்தான் சூடு காட்டினேன்..."

"கரிங்க அது! கரியைத் தீயில காட்டினா பாட்டா பாடும்?"

மோதிரத்துக்காரி ஒரு நர்ஸ். மோதிரம், இறந்துபோன அவளுடைய அம்மாவுடையது. மாலையில் வந்தவள், கல்லைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள். "மாத்திட்டீங்க! எங்கம்மா கல்லுக்குள்ள கறுப்பா ஒரு புள்ளி இருக்கும். மச்சம்னு சொல்லுவாங்க." கழற்றி எடை போட்டால், ரசீதில் எழுதியதற்கு அரை சென்ட், அதாவது ஒரு மில்லிகிராம், குறைவு. "பாத்தீங்களா!"

அந்த அரை சென்ட் எங்கே போனது என்று அன்றுதான் பட்டைக்காரம்மா சொல்லி அறிந்தேன். சாம்பல்கூட வைக்காமல், நாம் வெளிவிடும் மூச்சில் கலந்திருக்கும் அதே வாயுவாகிக் காற்றில் போய்விட்டது.

பட்டைக்காரம்மா வாதாடவில்லை. "எங்க வீட்டுக்காரர் எரிச்சுட்டார்மா. எவ்வளவு ஆழம் வெந்திருக்குன்னு தெரியாது. உன் கண்ணு முன்னாடியே தீட்டுறேன், உட்காரு."

கல்லைத் தட்டில் வைத்தார். கல் தேய்ந்துகொடுக்கும் திசைக்கு வாட்டம் என்று பெயர்; அது தப்பினால் தட்டு கீச்சிடும். காதைச் சாய்த்து, கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தார். கணவர் தன் பட்டறைமேல் குனிந்தே இருந்தார். கடைசியில் கல்லின் ஒரு பட்டை மட்டும் தெளிந்தது. பட்டைக்காரம்மா கல்லையும் லென்ஸையும் நர்ஸிடம் நீட்டினார்.

உள்ளே, ஆழ்ந்த தண்ணீருக்கு அடியில் போல, அந்தப் புள்ளி.

"வைரமாகாம அப்படியே நின்னுட்ட துளிக் கரிம்மா அது."

நர்ஸ் லென்ஸை இறக்கவில்லை. அடக்கியிருந்த மூச்சு அவளை அறியாமல் கல்லின்மேல் விழுந்தது. மங்கியது, உடனே தெளிந்தது. குனிந்து, இன்னொரு முறை ஊதினாள்.