ஜுலைகா இருமிய இடம்

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு படிவம் வந்தது. மாணவிகளின் தாய்மார்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் யார், தெரியாதவர்கள் யார் – தெருவாரியாகப் பெயர் எழுதி அனுப்ப வேண்டும். இந்த மாதிரி வேலை எல்லாம் கடைசியில் யாரிடம் வந்து சேரும்? தையல் டீச்சரிடம்தான். ஊசியில் நூல் கோக்கிறவளுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

மூன்று வருஷத்துக்கு முன்பு இதே படிவத்தை அரை மணி நேரத்தில் நிரப்பிக் கொடுத்தவள் நான். இந்தத் தடவை முதல் பெயரிலேயே பேனா நின்றுவிட்டது.

ஜுலைகா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை எழுத வேண்டாம், மற்றதை எல்லாம் எழுதலாம் என்று அவள் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊர் ஏர்வாடிப் பக்கத்தில், கடலை ஒட்டியது. ஜுலைகாவின் தெருவில் ஆண்கள் பாதிப்பேர் கொழும்பில் கடை வைத்திருக்கிறார்கள். பெண்கள் வீட்டுக்குள். ஆண் வாத்தியார்கள் அந்த வீடுகளுக்குள் போக முடியாது. அதனால் கையெழுத்து வாங்கவேண்டிய காகிதம் எதுவானாலும் பெரிய டீச்சர் – அதாவது எங்கள் தலைமை ஆசிரியை – என்னைத்தான் அனுப்புவார். எனக்கோ நாலு பேர் முன்னால் பேச வராது. போனால் உட்காருவேன், கொடுத்த தேநீரைக் குடிப்பேன், மைப்பெட்டியைத் திறப்பேன், கட்டைவிரலைப் பிடித்து ஒற்றி எடுப்பேன். பேசாமலே முடிகிற வேலை.

படிவம் நிரப்பிய அந்த வருஷம் ஜுலைகாவிடமும் அப்படித்தான் கைநாட்டு வாங்கினேன். தெருமுனை வரை வந்த பிறகுதான் மைப்பெட்டியின் மூடியை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால்... அவள் தரையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்! கட்டைவிரலில் என் நீல மை இன்னும் காயவில்லை. அந்த விரலாலேயே பேனாவைப் பிடித்து, வலது பக்கமிருந்து இடது பக்கமாக, சரசரவென்று ஒரு பக்கம் முடித்துவிட்டாள்.

"அரபியா?" என்று கேட்டேன்.

"எழுத்து அரபு டீச்சர். பேச்செல்லாம் நம்ம தமிழுதான்" என்று சொல்லி எனக்கு வாசித்துக் காட்டினாள். கொழும்பில் இருக்கும் வீட்டுக்காரருக்குக் கடிதம். மகள் ஹமீதாவுக்குக் காய்ச்சல் விட்டது, ஆடு குட்டி போட்டது, கிணற்றில் தண்ணீர் உப்புத் தட்டுகிறது... எல்லாம் நீங்களும் நானும் பேசுகிற தமிழ். அந்தத் தெருவில் பல பெண்கள் இப்படித்தான் எழுதுகிறார்களாம். அவர்கள் தாய்மாரும் எழுதினார்களாம். ஒரு தெருவையே படிப்பில்லாதவர்கள் என்று எழுதிவைத்தவள் நான்.

"பின்ன ஏன் கைநாட்டு வச்சீங்க?" என்றேன்.

"நீங்க மைப்பெட்டியோட வந்தீக. எழுதத் தெரியுமான்னு கேக்கலையே டீச்சர்?"

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வருஷம் ஹமீதா ஐந்தாவது முடித்தாள். அந்தத் தெருவில் பெண்பிள்ளைகளின் படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிடும். இதைக் கேட்டு யாரும் அவசரப்பட்டு உச்சுக்கொட்ட வேண்டாம். நான் திருவாடானைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் திரை கிடையாது, துப்பட்டி கிடையாது. வயல்வெளியெல்லாம் நடந்து திரிவோம். ஆனாலும் எட்டாவது முடிந்ததும், வெளியூர்ப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று எங்கள் அய்யா நிறுத்திவிட்டார். ஒரு ஊரில் ஐந்து, ஒரு ஊரில் எட்டு. கணக்குத்தான் வேறு.

ஹமீதாவை ஆறாவதில் சேர்க்க ஜுலைகாவுக்கு ஆசை. ஆனால் பெரிய டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். முன்பொரு முறை, கேட்காமல் மகளைச் சேர்த்துவிட்டார்கள் என்று கடல் கடந்து வந்த ஒரு தகப்பனார் பள்ளிக்கூட வாசலில் நின்று சத்தம் போட்டாராம். அதிலிருந்து, தகப்பன் கைப்பட எழுதிய சம்மதம் இருந்தால்தான் ஆறாம் வகுப்பு.

முன்பென்றால் பிரச்சினை இல்லை. தலைமன்னாரில் கப்பலேறினால் தனுஷ்கோடி. பெருநாளுக்குப் பெருநாள் வந்து போவார்கள். இரண்டும் தனித்தனி நாடு என்று ஆன பிறகு பாஸ்போர்ட், விசா என்று எத்தனையோ காகிதம். ஜுலைகாவின் வீட்டுக்காரருக்கு அது கிடைப்பதாக இல்லை. ஜுலைகா கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தாள். பதில், பள்ளியில் சேர்க்கும் கடைசி நாளன்று காலையில்தான் வந்தது.

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். பெரிய டீச்சர் தஞ்சாவூர்க்காரர். நல்லவர், கண்டிப்பானவர். கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாசிங்கோ" என்றார்.

ஜுலைகா வாசித்தாள். ஹமீதா கெட்டிக்காரி என்று டீச்சர்மார் சொன்னது அவருக்குச் சந்தோஷமாம். கொழும்பில் இப்போது எந்தப் பாஷையில் படிப்பது என்று பெரிய சண்டையாம். கடைப் பையன்கள்கூட சிங்களம் படிக்கக் கிளம்பிவிட்டார்களாம். யார் ஆண்டாலும் எந்தப் பாஷை வந்தாலும் படிப்பு இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், பிள்ளை படிப்பதில் தனக்கும் ஆசைதான் என்று எழுதியிருந்தார். அந்த இடத்தில் ஜுலைகா லேசாக இருமினாள். பிறகு, எல்லோருக்கும் சலாம் என்று முடித்தாள்.

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க வாசிச்சதுதான் இதுல இருக்குன்னு நான் எப்படிம்மா நம்பறது? பள்ளிவாசல்லேர்ந்து ஆலிம்சாவை வரச்சொல்லி வாசிக்கச் சொல்லட்டுமா?"

"அவுக ஊருல இல்ல டீச்சர்" என்றாள் ஜுலைகா. துப்பட்டியின் ஓரம் அவள் விரல்களுக்குள் முறுக்கிக்கொண்டிருந்தது.

காலையில்தான் ஆலிம்சாவை பஸ் நிறுத்தத்தில் பார்த்திருந்தேன். வெளியூருக்குக் கிளம்பத்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹமீதா யாரையும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஆறாம் வகுப்புக் கால அட்டவணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நாலாவது பீரியட் தையல்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பெரிய டீச்சர் முன்னால் நானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு அந்த எழுத்துத் தெரியும் டீச்சர். சரியாத்தான் வாசிச்சாங்க."

அதுவரை ஜுலைகாவிடம் கேட்டு நான் தெரிந்துவைத்திருந்தது மொத்தம் பதினோரு எழுத்து!

பேசாதவள் பேசினால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. பெரிய டீச்சர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார், சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். இப்போது அவர் மாற்றலாகித் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார். பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பதாகக் கேள்வி... மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டாமா? அதிலிருந்து விடுமுறை நாட்களில் ஜுலைகா வீட்டுக்குப் போவேன். நான் எம்ப்ராய்டரி சொல்லிக்கொடுப்பேன், அவள் எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். அந்தப் புள்ளிகள் எல்லாம் நாம் போடும் முடிச்சுத் தையல் மாதிரியே இருக்கும். ஒரு புள்ளி தவறினால் வேறு எழுத்து. ஒரு வருஷத்தில் தட்டுத்தடுமாறி வாசிக்க வந்துவிட்டது.

போன மாதம் ஜுலைகாவின் வீட்டுக்காரருக்கு ஒருவழியாக விசா கிடைத்தது. வந்தார். என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நல்லவேளை, அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளிப் பெண் வந்தால் ஆண் திரைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் பேசுவார். என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

"அன்னைக்கு எங் கடிதாசிக்குச் சாட்சி சொன்னது நீங்கதானாம்ல டீச்சர்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஆமாம் என்றேன்.

"முழுசா வாசிச்சாளா?"

"முழுசாத்தான் வாசிச்சாங்க."

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. அதே கடிதம். "சலாமுக்கு முந்தின வரி. அத மட்டும் வாசிங்க."

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'நான்... வந்து... முடிவு சொல்லும் வரை... பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்.'

ஜுலைகா இருமிய இடம் அது.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஹமீதா பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. வந்து நாளைக்கும் போவாளா? நான் சொன்ன ஒரு வார்த்தையால்தானே இத்தனையும்?

"அந்த எடத்துல மை கலைஞ்சு கெடந்துச்சு" என்றாள் ஜுலைகா, உள்ளேயிருந்து.

கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்து முத்தாக இருந்தது. ஒரு புள்ளிகூடக் கலையவில்லை.

"ஆமாங்க... கொஞ்சம் கலைஞ்சுதான் இருக்கு" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. கடகடவென்று, மனம் விட்டு ஒரு சிரிப்பு.

"சாட்சிக்காரவுக மாற மாட்டாக போலருக்கே" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "நான் வந்து முடிவு சொல்றதுன்னா இன்னைக்கித்தான் டீச்சர் சொல்லியிருக்கணும். மூணு வருசம் பிள்ள வீட்டுல இருந்திருக்கும். அந்த வரிய எழுதாம இருந்திருக்கலாம்னு கப்பல்ல வரயிலே நெனச்சுக்கிட்டு வந்தேன். இங்கன வந்து பாத்தா, அத யாருமே வாசிக்கல."

ஹமீதா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "வாப்பா, நாளைக்குப் பரீட்சை" என்று சொல்லிவிட்டு நேரே உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை.

அரசாங்கங்கள் கடலுக்கு நடுவே கோடு போடுகின்றன. ஒரு கரையில் எந்தப் பாஷையில் படிப்பது என்று சண்டை, மறு கரையில் எந்த வகுப்போடு நிறுத்துவது என்று வழக்கம். நடுவில் ஒரு தாய் லேசாக இருமிக்கொள்கிறாள்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். ஜுலைகாவின் பெயருக்கு எதிரே 'வாசிக்கத் தெரியும்' என்று எழுதினேன். எதை வாசிக்காமல் விடவேண்டும் என்பதும் தெரியும் – அதை எழுதத்தான் கட்டத்தில் இடம் இல்லை.