சத்தம் போடும் பம்ப்

முகம் முழுக்கச் சோப்பு நுரை. கண்களை இறுக மூடியிருக்கிறாள். குளியலறைக் கதவுக்கு வெளியே மாமனாரின் குரல். "ஏம்மா, என் கண்ணாடி எங்க?"

"டிவி பக்கத்துல பாருங்க மாமா. இல்லன்னா உங்க சட்டைப் பையிலயே இருக்கும்."

அவர் நகர்ந்ததும் மகள் வருகிறாள். "அம்மா, சார்ஜர்?" "தலகாணிக்கு அடியில." அடுத்தது கணவர். அவருக்கு எதுவும் தொலைந்திருக்காது. ஆனாலும் கதவுவரை வந்துவிட்டோமே என்று கேட்பார். "இன்னுமா குளிக்கிற?"

பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்டர்தான் அவளுக்கு வேலை. வண்டியில் பலகை மாட்டியிருக்கிறது, ஒலிபெருக்கி ஓயாமல் கத்துகிறது. இருந்தும், ஒரு மனுஷி வாயால் சொன்னால்தான் பயணிகளுக்கு நம்பிக்கை. "அதோ நிக்குதே, அந்த வண்டிதாங்க" என்பதை அவள் தூக்கத்தில்கூடச் சொல்வதாகக் கணவர் சொல்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'விசாரணை'. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை, வேலையும் மாறுவதில்லை.

குளியலறையில் பேருக்கு ஒரு ஷவர் இருந்தது. தண்ணீர்த் தொட்டி கூரைக்கு நேர் மேலேயே உட்கார்ந்திருந்ததால் உயரம் போதவில்லை. வேண்டாவெறுப்பாக வருவதுபோல் தண்ணீர் நூலாக இறங்கியது. அதற்குச் சத்தமே கிடையாது. அதனால் வீட்டில் யார் முணுமுணுத்தாலும் உள்ளே தெளிவாகக் கேட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். "ஷவருக்கு பம்ப் ஒண்ணு போடலாம். முடியில போட்ட சோப்பு போகவே மாட்டேங்குது." அது பொய்யில்லை. முழுக் காரணமும் இல்லை.

கணவர் உற்சாகமாகிவிட்டார். ஒரு வாளி வாங்குவதானாலும் வாளிகளைப் பற்றிப் படித்து முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போவார். பல நாள் கைப்பேசியும் கையுமாக இருந்துவிட்டு ஒரு முடிவோடு வந்தார். "இது ஓடுறதே தெரியாதாம். துளி சத்தம் கிடையாது."

"அப்புறம் எதுக்கு அது?" என்றாள். அவள் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவளே கடைக்குப் போனாள். விற்பனையாளரும் அதே பம்பை ஓடவிட்டு, அதன்மேல் கையை வைத்துக் காட்டினார். "பாருங்க மேடம், ஓடுதா இல்லையான்னே தெரியாது."

"தெரியணுமே. அந்த மூலையில இருக்கிறது என்ன?"

"அது பழைய மாடல் மேடம். மாவு மிஷின் மாதிரி கத்தும்."

"போட்டுக் காட்டுங்க."

போட்டார். மேசையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. அவர் ஏதோ சொன்னார். உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. அந்த பம்ப் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

பிளம்பர் வந்தார். "மாடியில தொட்டி பக்கத்துல வெச்சுடுறேன்க்கா, கீழ சத்தம் வராது."

"வேண்டாம், பாத்ரூம் பரண்ல வைங்க. அடியில இருக்கிற ரப்பரையும் எடுத்துடுங்க."

"ரப்பர் இல்லன்னா சுவரே அதிருமேக்கா. எல்லாரும் சத்தம் வருதுன்னுதான் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க."

"நான் வரமாட்டேன்."

அவர் கூடத்தை எட்டிப் பார்த்தார். மாமனார் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தார். மகள் எதற்கோ "அம்மா" என்றாள். பிளம்பர் தலையாட்டிவிட்டு ரப்பரைக் கழற்றினார். "சுவிட்ச் மட்டும் வெளியிலதான். உள்ள ஈரம், ஆபத்து." சரி என்றாள். அப்போது அவளுக்கு மின்சாரத்தின் நினைப்பு மட்டும்தான் இருந்தது.

முதல் நாள் வெளியே சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே வந்து குழாயைத் திருகியதும் பரண் உறுமியது. தண்ணீர் முதுகில் அறைந்தது. அவள் சுவரைப் பார்த்து, கவுன்டரில் இத்தனை காலம் விழுங்கியதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னாள். "போர்டுல எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா? படிச்சிட்டுத்தான வந்தீங்க? அப்புறம் எதுக்கு என்கிட்ட?" யார் காதிலும் விழவில்லை. வெளியே கதவைத் தட்டிப் பார்த்து அலுத்துப்போனவர்கள் அவரவர் பொருளை அவரவரே கண்டெடுத்தார்கள். ஆனால் அதில் யாருக்கும் திருப்தியில்லை.

அந்த வாரக் கடைசியில், தலையில் நுரையோடு நின்றிருந்தபோது உறுமல் சட்டென்று நின்றது. மின்சாரம் போய்விட்டது என்று நினைத்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான்தான் நிறுத்தினேன்" என்றது கணவரின் குரல். "அந்தச் சத்தத்துல ஒண்ணும் பேச முடியல. என் நீலச் சட்டை எங்க?"

இஸ்திரிக்குப் போய்வந்த பையில், படுக்கையறைக் கதவுக்குப் பின்னால். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கேக்குதா?"

நன்றாகவே கேட்டது. ஷவரிலிருந்து நூலாக இறங்கிய தண்ணீர் அதை மறைக்கவில்லை. கையை நீட்டி அந்தக் குழாயையும் மூடினாள். இப்போது உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கால்மாற்றி நிற்பதுகூடக் கேட்டது. அவள் சோப்பை எடுத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நிதானமாகத் தேய்க்கத் தொடங்கினாள்.