பிறந்த மாதமும் பிறந்த இடமும்

போர்க்காலத்தில் எனக்கிருந்த ஒரே பைத்தியம், பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள் எந்த மாதம் பிறந்தவை என்று தேடுவதுதான். மடவளை ஊர்க் கடைக்காரர் ஒருவர் தன் கொட்டிலில் நின்ற சிவப்புக் காரைக் காட்டினார். "எங்கட வாப்பாட கார். ஒரிஜினல்தானா, பாத்துச் சொல்லுங்க."

கூரை ஓட்டையால் விழுந்த வெளிச்சத்தில் தூசி நீந்திக்கொண்டிருந்தது. சீட் பெல்ட்டில் தைத்திருந்த துணித்துண்டில் மாதமும் வருடமும் மங்கலாகத் தெரிந்தன. கண்ணாடிகளின் மூலைகளில் இருந்த குறிகளும் அதையே சொல்லின. காரின் உடம்பில் பொறித்திருந்த சேசிஸ் இலக்கத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். தண்ணீருக்குள்ளிருந்து மீன்கள் வருவதுபோல இலக்கங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"ஓம், அசல்தான். ஜப்பானிலேயே பிறந்தது" என்றேன்.

அவர் அந்தத் தாளை மடித்து, நெஞ்சுப் பக்கத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பனி மூடிய ஆற்றைப் பார்த்தபடி பஸ்ஸில் திரும்பினேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். சிப்பாய் என் அடையாள அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, நான் கார்க் கண்ணாடிகளைப் பார்த்தது போலவே மூலை மூலையாகப் பார்த்தான். எழுத்தை நகத்தால் சுரண்டினான். பிறகு திருப்பி, பிறந்த இடத்தைப் படித்தான்: யாழ்ப்பாணம்.

மற்றவர்களை ஏறச் சொல்லிவிட்டு, அசலான என்னை மட்டும் ஓரமாக நிற்க வைத்தான்.