சலங்கைக்குக் கிடைத்த இருக்கை

காலை 11.20. திருச்சிப் பேருந்து என்னைத் திண்டுக்கல் நிலையத்தில் இறக்கிவிட்டது. பழனிக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர். அங்கே மூன்று மணிக்குப் பள்ளி ஆண்டு விழாவில் அண்ணன் மகள் யாழினி முதல் முறையாக மேடையேறுகிறாள். அவளுக்காக வாங்கிய சலங்கை என் பையில் இருந்தது.

முகூர்த்த நாள். பழனி வண்டியின் முன்னால் ஊரே திரண்டிருந்தது. கூட்டத்தில் இடம் போட எனக்கா தெரியாது? இரண்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து, ஜன்னல் வழியாகப் பையை எறிந்து இடம் பிடித்தேன். பிறகு முண்டியடித்து ஏறிப் பார்த்தால் பையைக் காணோம். அவசரத்தில் பக்கத்து நத்தம் வண்டிக்குள் எறிந்திருக்கிறேன். அது நிலையத்தை விட்டே போய்விட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இறங்கி ஓடிப்போய் டைம் கீப்பரிடம் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டார்.

“அழுகாதீங்கம்மா. எதுத்தாப்புல வார வண்டில வந்துரும். செத்த நேரம் உக்காருங்க.”

நத்தம் வண்டியின் நடத்துநரைக் கைபேசியில் பிடித்தார். சாணார்பட்டியில் எதிரே வரும் திண்டுக்கல் வண்டியில் பையைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. நான் பதினைந்து ரூபாய்க்குக் காபி வாங்கிக் குடித்தபடி, இரண்டு பழனி வண்டிகளைக் கண்ணெதிரே போகவிட்டேன். மதுரை, கரூர், தேனி வண்டிகளில் யார் யாரோ பூக்கூடையும் மருந்துப் பொட்டலமும் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்கள். “அங்க வாங்கிக்க ஆளு நிக்குமா?” என்பது மட்டும்தான் ஓட்டுநர்கள் கேட்ட கேள்வி.

பகல் 12.35. பை வந்து சேர்ந்தது. கொண்டுவந்த நடத்துநருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நத்தம் வண்டில அம்புட்டுக் கூட்டமாம். படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வந்தாகளாம். உங்க பைய மட்டும் ஒருத்தரும் தொடலையாம்.”

“ஏங்க?”

“எடம் போட்ட பைய எப்படிம்மா எடுக்கறது? ஆளு பின்னாடி ஏறியிருக்கும்னு நெனச்சிருக்காக.”

திருச்சியில் நானாக இருந்தால் பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த பழனி வண்டியில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன். எறியத் துணிவில்லை. அறுபது கிலோமீட்டரும் நின்றுகொண்டே, ஆனால் சந்தோஷமாகப் போனேன்.

பிற்பகல் 2.40. பள்ளி வாசலிலேயே யாழினி அலங்காரத்தோடு காத்திருந்தாள். சலங்கையைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்து காலை நீட்டினாள். நான் கட்டிவிடும்போது கேட்டாள்:

“கூட்டமா இருந்திருக்குமே அத்தை, சீட்டு கெடச்சுதுங்களா?”

“சலங்கைக்குக் கெடச்சுது, கண்ணு.”