ராசம்மாள் சொல்லாத பேர்

ராசம்மாள் வாய்க்கு அந்த ஊரில் பூட்டே கிடையாது. நன்னிலத்துக்குத் தெற்கே ஆனைக்கட்டளையில், நடவுக்கும் களைக்கும் முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான். கூலி நெல் அளக்கிறவன் மரக்காலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும், "ஏன்யா, மரக்காலுக்கு இடுப்பு வலியா? நிமித்திப் பிடி" என்பாள். களத்தில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள், மரக்கால் தானாக நிமிர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவள் வாயில் முப்பத்தைந்து வயசு வரைக்கும் வராத வார்த்தை ஒன்றே ஒன்று. புருஷன் பேர். வராவிட்டால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பீர்கள். முழுகத்தான் பார்த்தது. எழுபத்திரண்டு கார்த்திகையில், அந்த ஒரு பேரைச் சொல்லாததால் அவள் குடிசை நின்ற மனை கையை விட்டுப் போக இருந்தது.

புருஷனுக்குச் சூரியமூர்த்தி என்று பேர். அவன் அம்மா சூரியனார்கோவிலுக்கு வெளியே நின்று, உள்ளே விடாத காலம் அது, வாசலிலேயே கையெடுத்து வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. ஆனால் பண்ணைக் கணக்கில் அந்தப் பேர் ஏறவில்லை. பண்ணையாளுக்கு என்னடா மூர்த்தி என்று ஒடித்துப்போட்டு, சூரான் என்று எழுதிக்கொண்டார்கள். இருபது வருஷம் சூரானாகவே ஏர் பிடித்தான். செங்கொடிச் சங்கம் வந்த பிறகுதான் நிமிர்ந்தான். "சீனிவாசராவ்னு ஒரு மனுசன், எங்கயோ கன்னட தேசத்துல பொறந்தவர், நம்ம சேத்துல வந்து நின்னாரு. சவுக்கடியும், சாணியைக் கரைச்சு வாயில ஊத்தற சாணிப்பாலும் போச்சுன்னா அவங்களாலதான் போச்சு" என்று சொல்லும்போது அவன் குரலே மாறிவிடும். அதிலிருந்து, சூரான் என்று யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டான். முழுப் பேரைச் சொன்னால்தான் "என்னங்க?" என்பான்.

ஊரையே முழுப் பேரைச் சொல்ல வைத்தவனுக்கு, பெண்டாட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுக்கு அவள் அம்மா சொல்லி வைத்திருந்தாள். மகள் பிறந்த பிறகு "பாப்பா அப்பா" என்று ஆயிற்று. அதுக்கு முன்னால் "இந்தாங்க"தான்.

சரி, வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. ராசம்மாளுக்குக் கட்சிப் பைத்தியம் பிடித்ததே, அங்கேதான் வந்தது வினை. அறுபத்தேழு எலெக்ஷனுக்கு முன்னால் திருவாரூரில் அண்ணா கூட்டம் என்றார்கள். களை முடித்து, கால் சேற்றைக் கழுவின கையோடு, முப்பது பெண்களும் நடந்தே போனார்கள். கூட்டத்தில் கடைசி வரிசை. ராசம்மாள் கண்ணுக்குத் தெரிந்தது தூரத்தில் ஒரு துண்டும் ஒரு விளக்கும்தான். ஆனால் ஒலிபெருக்கியில் "தாய்மார்களே" என்று வந்ததே, அது நேராக அவள் காதுக்குள் வந்து விழுந்தது. அன்றுவரை அவளைப் பெரிய இடத்துக்காரர்கள் கூப்பிட்டதெல்லாம் "ஏ பொண்ணே", "வாடி இங்க". இத்தனை பெரிய மனுஷர் நம்மைத் தாய் என்கிறாரே என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மற்றது என்ன பேசினார் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அன்றைக்கே அவர் ஆளாகிவிட்டாள்.

அந்த எலெக்ஷனில் அவள் கொடியும் அவன் செங்கொடியும் ஒரே பந்தலில் நின்றன. அதனால் வீட்டில் சண்டை இல்லை. ஓட்டுக் கேட்கப் போனால்தான் சங்கடம். கட்சிச் சின்னம் உதயசூரியன். புருஷன் பேரில் பாதி அதில் இருக்கிறது! எப்படிச் சொல்லுவாள்? ராசம்மாள் லேசுப்பட்டவளா? ஒரு வழி கண்டுபிடித்தாள். தெருவில் முன்னால் நின்று, "உங்கள் ஓட்டு உதய..." என்று இழுப்பாள். பின்னால் வரும் பெண்கள் "சூரியனுக்கே!" என்று முடிப்பார்கள். ஊரில் அவளுக்கு உதயக்கா என்றே பேர் விழுந்துவிட்டது.

கிழவி அகிலாண்டத்துக்குத்தான் புரியவில்லை. "எதுலடி குத்தணும்?" என்று தனியாகக் கேட்டாள். பின்பாட்டுக்கு ஆளில்லை. ராசம்மாள் முழித்தாள். "வட்டமா இருக்கும் ஆத்தா, சுத்திலும் கோடு கோடா இருக்கும்" என்றாள். கிழவி போய் அழகாகச் சுயேச்சைக்காரனின் வண்டிச் சக்கரத்தில் குத்திவிட்டு வந்தாள். சூரியமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தான். "என் பேரு உன் கட்சிக்கு ஒரு ஓட்டு நட்டம் பண்ணிடுச்சே!"

கட்சி ஜெயித்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி மெட்ராஸில் போட்டார்கள், கோயமுத்தூரில் போட்டார்கள். "நெல்லு வெளையற ஊருக்கு எப்ப வருமாம்?" என்று புருஷன் கேலி பண்ணினால், "நாத்து விட்டதும் அறுத்துட முடியுமா? பொறுங்க" என்பாள். வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பாள்.

அவளுக்குப் பதில் வராமல் போனது ஒரே ஒரு முறை. அறுபத்தெட்டு மார்கழி. வெண்மணியில் கூலி கேட்ட சனங்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திவிட்டார்கள், நாற்பத்துநாலு பேர், பெண்டு பிள்ளைகள். நடந்தால் போய்விடுகிற தூரத்து ஊர். அன்று அவள் வீட்டுக்கு வந்து, சுவரில் இருந்த அண்ணா படத்தைத் திருப்பி மாட்டினாள். "நீ இருக்கறப்பவே இப்படி ஆச்சே" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். புருஷன் கேலி பண்ணவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். தை முடியுமுன்னே அண்ணா போய்விட்டார் என்று ரேடியோவில் சொன்னார்கள். ராசம்மாள் ஓடிப்போய்ப் படத்தை நேராகத் திருப்பிவிட்டு ஓவென்று அழுதாள். கோபம் போய்விட்டது என்று இல்லை. கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது. சொந்தக்காரரிடம் அப்படித்தானே இருக்கும்?

அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிக்காரர் எந்த மனையில் குடியிருக்கிறார்களோ, அந்த மனை அவர்களுக்கே சொந்தம். நிலக்காரர் பிடுங்க முடியாது. அதுவரைக்கும் எப்படி? பண்ணையோடு ஒரு வார்த்தை தடித்தால் மறுநாள் குடிசையைப் பிரி என்பார்கள். கூலி உசத்திக் கேட்கிற ஒவ்வொருத்தன் கழுத்திலும் அந்தக் கயிறு கிடந்தது. ராசம்மாள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். "எங்க ஆளு போட்ட வெதை, மொளைச்சிருச்சு பாருங்க!"

மனைப் பட்டியல் எழுத ஆள் வந்தபோது சூரியமூர்த்தி ஊரில் இல்லை. ஐப்பசி அறுவடையில் கூலித் தகராறு. சங்கத்து ஆட்கள் பதினோரு பேரைப் பிடித்துத் திருச்சி ஜெயிலில் போட்டிருந்தார்கள். தெருவே வயலுக்குப் போயிருந்த நேரம். புதுசாக மாற்றலாகி வந்த குமாஸ்தா கல்யாணம், "புருஷன் பேரைச் சொல்லும்மா" என்றார். ராசம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு குருவி இல்லை. "விடியக்காலம் கெழக்கால வருமேங்க, அது" என்றாள். "சரி சரி, புரிஞ்சுது" என்று எழுதிக்கொண்டு போனார் கல்யாணம். அவர் எழுதியது என்ன தெரியுமா? வெள்ளி! விடிவெள்ளி கிழக்கேதானே வருகிறது. அவர் மேல் என்ன தப்பு?

கார்த்திகையில் விசாரணை. பள்ளிக்கூடத்தில் தாசில்தார் வந்து உட்கார்ந்தார். நிலம் பட்டாபிராம ஐயருடையது. அவர் மெட்ராஸோடு போய்விட்டார். எல்லாம் ஏஜெண்டு சாரங்கபாணி வைத்ததுதான் சட்டம். ராசம்மாள் மனைமேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். ஆற்றோரம், நாலு தென்னை நிற்கிற இடம்.

"ஐயா, நல்லாப் பாருங்க" என்று எழுந்தார் சாரங்கபாணி. "பட்டியல்ல வெள்ளின்னு போட்டிருக்கு. அப்படி ஒருத்தன் இந்த ஊர்லயே இல்லை. பண்ணைக் கணக்குல சூரான். அவனும் இப்ப இந்த ஊர்ல இல்லை. வோட்டர் லிஸ்டுல வேற ஒரு பேரு. இதுல யாருக்குங்க மனை? மூணும் மூணு ஆளு. ஒருத்தனும் குடியில்லை."

பின்னால் நின்ற பெண்கள் ஒரே குரலாகப் பேரைச் சொல்ல வாயெடுத்தார்கள். சாரங்கபாணி கையை நீட்டிவிட்டார். "சொல்லிக் கொடுக்கறாங்கய்யா! சாட்சியைக் கலைக்கறாங்க! மனை கேக்கறவ வாயால சொல்லட்டும்."

தாசில்தார் எல்லோரையும் அடக்கினார். நடுவயசு மனுஷர், முகத்தில் கடுமை இல்லை. "அம்மா, எங்க வீட்டுலயும் பேர் சொல்ற வழக்கம் இல்லை. எனக்குப் புரியுது. ஆனா ஆட்சேபணை எழுத்துல வந்துடுச்சு. நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும். இல்லேன்னா உங்க மனையைத் தள்ளி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போகணும்."

நீங்க என்றார் தாசில்தார். அது ராசம்மாள் காதில் விழுந்தது. ஆனாலும் நாக்கு எழும்பவில்லை. வாசல் வழியாக வெளியே கையை நீட்டிக் காட்டினாள். ஐப்பசி கார்த்திகை அடைமழை, வானம் முழுக்க மேகம். அவள் காட்டின இடத்தில் ஒன்றுமே இல்லை! சாரங்கபாணி வாய்விட்டுச் சிரித்தார். "மேகநாதனாம்யா, நாலாவது பேரு. அட, சூரான் பொண்டாட்டி, போய் வேலையைப் பாரு."

சூரான். அந்தச் சொல் அவளைச் சுருக்கென்று குத்தியது. ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னாளே, ஜெயிலில் கிடக்கிற மனுஷனுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஆனால் அந்த மனுஷன் ஒரு பேருக்காக எத்தனை அடி பட்டான்! அவன் இல்லாத நேரத்தில் அதை மறுபடியும் ஒடித்துப்போடுகிறார்கள், அவள் கண் முன்னாலேயே. பேர் போனால் மனை போகும். ஜெயிலிலிருந்து வருகிறவன் எந்த வீட்டுக்கு வருவான்?

ராசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். மூச்சைப் பிடித்தாள். பழகின வாய், பழகின இடத்திலிருந்துதான் ஆரம்பித்தது. "உதய..."

இழுத்தாள். பின்னால் முப்பது பேருக்கும் வாய் துடிக்கிறது. கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். முடிக்க யாரும் இல்லை.

"சூரியமூர்த்தி!" என்றாள் ராசம்மாள். "ஆண்டி மவன் சூரியமூர்த்திங்க! சூரான் இல்லை, வெள்ளி இல்லை. சூரியமூர்த்தி பொண்டாட்டி ராசம்மா நானு. இருவது வருசமா அந்த மனையிலதான் ஒலை வெக்கறோம்!"

"வாழ்க!" என்று முப்பது பேரும் கத்திவிட்டார்கள். பழக்கதோஷம். பள்ளிக்கூட ஓட்டுக்கூரையே அதிர்ந்தது. தாசில்தார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இது எலெக்ஷன் இல்லைம்மா, விசாரணை."

குமாஸ்தா கல்யாணம் மட்டும் சந்தேகத்தோடு தலையைத் தூக்கினார். ஒரு தடவை பட்டவர் பாவம். "முழுப் பேரு உதயசூரியமூர்த்தியாம்மா?"

"உதய கட்சிக்குங்க. மிச்சம் எங்க வூட்டுக்கு."

தாசில்தார் வோட்டர் லிஸ்டை வாங்கி, விரலை வைத்து ஒத்துப் பார்த்தார். ஆண்டி மகன் சூரியமூர்த்தி, அதே கதவு எண். வெள்ளியை அடித்துவிட்டு, மேலே தன் கையாலேயே எழுதினார். ஆட்சேபணை தள்ளப்பட்டது என்று சத்தமாகப் படித்தார். சாரங்கபாணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். மழைத் தூறலில் அவர் நடந்து போனதை ராசம்மாள் வாசல் வரை வந்து நின்று ஆசை தீரப் பார்த்தாள். அப்புறம் பெண்களைத் திரட்டிக்கொண்டு பாதியில் விட்ட களைக்குப் போனாள்.

அடுத்த வாரம் திருச்சி ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் சூரியமூர்த்தி நின்றான். இளைத்திருந்தான், ஆனால் ஆயுசுக்கு ஒரு குறைவும் தெரியவில்லை. ராசம்மாள் முதலில் அதைத்தான் தலையிலிருந்து கால் வரை பார்த்துக்கொண்டாள். பிறகு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், சாரங்கபாணி துண்டு உதறியது உட்பட.

"ஆக, உன் கட்சி சட்டம் வீட்டைக் காப்பாத்திடுச்சுங்கற" என்றான் அவன்.

"கேட்டது உங்க கொடி. போட்டது எங்க கொடி. கேக்காத புள்ளைக்குப் பாலு ஏது? போடாத சட்டத்துல மனை ஏது? ரெண்டும்தான்" என்றாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் காவலுக்கு நின்றவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏ புள்ள" என்றான் மெதுவாக. "எத்தனையோ பேரு வாயில முழுப் பேரு வர வெச்சேன். உன் வாயால மட்டும் நான் கேட்டதில்லை. இங்க ஒரு தடவை சொல்லேன்."

ராசம்மாளுக்கு வெட்கம் பிய்த்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"தாசில்தார்கிட்ட சொன்னியே!"

"சர்க்காரு கேட்டுச்சு, சொன்னேன்" என்றாள். "நீங்க என்ன சர்க்காரா, பாப்பா அப்பா?"