மச்சான் சீல் வைத்த நகர்வு

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியைப் பற்றித் தமிழில் விடாமல் எழுதுகிறவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. போட்டிக்கு ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வது என் பழைய வழக்கம். என் வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் இது ஏதோ தரிசன டிக்கெட் குழு என்று நினைத்துச் சேர்ந்தவர்கள். விலகினால் நான் மனம் வருந்துவேனோ என்று அப்படியே இருந்துவிட்டார்கள். ஒவ்வொரு பட்டப் போட்டி முடிந்ததும் இவர்களுக்கு நான் ஆட்ட ஆய்வு எழுதி அனுப்புவேன். யார் எங்கே சறுக்கினார், எந்த நகர்வில் ஆட்டம் கையை விட்டுப் போனது, எல்லாவற்றையும் மறுநாள் மிகுந்த தெளிவோடு சொல்லுவேன். போன கோடையில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் அனுப்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

என்னோடு ஷோகி ஆடுகிற ஒரே ஆள் என் மனைவியின் அண்ணன். சித்தூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் டின் மூடும் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சாதாரணச் செஸ்ஸில் இருபது வருடம் என்னை அடித்தார். இருவருக்குமே தெரியாத ஆட்டம் ஒன்றைப் பிடித்தால் சமமாக இருக்குமே என்று ஷோகியைக் கொண்டுவந்தேன். மச்சான் கூழ் டப்பா அட்டைப்பெட்டிகளை வெட்டிக் காய் செய்தார். எழுத்து ஜப்பானிய எழுத்து என்பதால் தலைகீழாக எழுதியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. மூன்றாம் வாரத்திலிருந்து அதிலும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. சித்தூரில் இடம் கிடைக்காமல் திருப்பதியில் கிடைத்தது. திங்கள், புதன், வெள்ளி, காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை டயாலிசிஸ். என் மனைவி ஒரு சிறுநீரகம் கொடுக்கத் தயாராக இருந்தாள். அவளுடைய சர்க்கரை குறுக்கே வந்தது. நான் தயாராக இல்லை. ஆனால் யாரும் கேட்பதற்கு முன்பே என் ரத்த அழுத்தம் என்னைக் காப்பாற்றிவிட்டது. அதற்காக வெட்கப்பட சித்தூரிலிருந்து திருப்பதி வரை பஸ்ஸில் நேரம் கிடைக்கிறது. நான் பாடம் நடத்துகிற கல்லூரியில் கோடை விடுமுறை என்றால் எல்லா நாளும் துணைக்கு நானே போவேன்.

அந்தக் கோடையில் மச்சான், "போதும் மாப்ள," என்று சொல்லத் தொடங்கியிருந்தார். முதலில் பஸ்ஸில் நெரிசலைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்று இருவருக்குமே தெரியும். நான் ஒவ்வொரு முறையும் வேறு பேச்சு எடுத்தேன். படித்தவன் என்பதால் எனக்கு வேறு பேச்சுக்குப் பஞ்சமில்லை.

நான் ஆய்வு அனுப்பாத அந்தப் பட்டப் போட்டி இரண்டு நாள் ஆட்டம். ஜப்பானில் புதன்கிழமை காலை தொடங்கியபோது நமக்கு விடியற்காலை ஐந்தரை. பதினொன்றரைக்கு மச்சானின் இடது கையில் ஊசி ஏறி ரத்தம் மெஷினுக்குள் போய் வரத் தொடங்கியபோது, பட்டம் வைத்திருந்தவர் தன் ராஜாவை மூலைக்குள் தள்ளிச் சுற்றிலும் காய்களை அடுக்கி முடித்திருந்தார். இந்தக் கோட்டைக்குக் கரடிப் பொந்து என்று பெயர். பட்டத்துக்குச் சவால் விட்டவர் வெளியே நின்று குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மச்சானுக்கு வாகாக ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் கம்ப்யூட்டர் யாருக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பட்டை இல்லாமல் ஒன்றும் புரியாது. மச்சானுக்கு அது பிடிக்காது.

"அத்த கையால மறைச்சிக்கோ மாப்ள. சாவற நேரத்த ஓரத்துல எழுதிக்கினே ஆட வெக்கிறானுங்க."

மறைத்துக்கொண்டேன்.

மதியம் இரண்டரைக்கு முதல் நாள் முடிந்தது. ஷோகியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் கடைசியில் யாருடைய முறையோ அவர் தன் அடுத்த நகர்வைப் பலகையில் ஆடாமல் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இருவரும் அதன்மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில்தான் பிரிப்பார்கள். இல்லாவிட்டால் எதிராளிக்கு மட்டும் இரவெல்லாம் யோசிக்க நேரம் கிடைத்துவிடும். எழுதி ஒட்டியதை மாற்ற முடியாது. மாற்றினால் தோல்வி. சவால் விட்டவர் பக்கத்து அறைக்குப் போய் எழுதிக்கொண்டு வந்தார்.

"எலெக்‌ஷன் பெட்டிக்கு சீல் வெக்கிறாப்பல வெக்கிறானுங்க," என்றார் மச்சான். பிறகு, "மாப்ள, பேனா குடு," என்றார்.

சவால் விட்டவரின் நகர்வைத்தான் ஊகித்து எழுதப் போகிறார் என்று நினைத்து என் ஊகத்தை முந்திக்கொண்டு சொன்னேன். வெள்ளி முன்னேறும் என்றேன். வெள்ளி என்பது ஒரு காயின் பெயர்.

"வெள்ளியப் பத்தித்தான் எழுதறேன்," என்றார். "வெள்ளிக்கெழம வர்றதா வேணாமான்னு. யோசிச்சி யோசிச்சி முடியல. எழுதி ஒட்டிட்டா அதோட போச்சி. நீ வெள்ளிக்கெழம காலைல பஸ் ஸ்டாண்டுல பிரிச்சிப் பாரு."

வலது கையால் ஏதோ எழுதினார். மடித்து, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்த உறையில் போட்டு, ஊசியை நகராமல் பிடித்துவைக்கும் வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வாங்கி ஒட்டினார். அதன்மேல் கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வாய் திறந்து பேசியிருக்க வேண்டும். நான் தேதியோடு கையெழுத்துப் போட்டேன். அவருடைய கையெழுத்தைவிட என்னுடையது நேராக இருந்தது.

வீட்டுக்கு வந்து உறையை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன். விதிமுறையையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வந்து, நறுக்கிக்கொண்டிருந்த கத்தியாலேயே உறையைக் கீறிவிட்டாள்.

"பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கினே இருக்கேன்."

"எங்கண்ணன் கையெழுத்த பாக்க நான் எவன கேக்கணும்?"

படித்தாள். ரொம்ப நேரம் ஆகவில்லை. சின்ன வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும். திரும்ப மடித்து உள்ளே போட்டு, சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டி, ஃபிரிட்ஜ் மேலேயே வைத்தாள்.

"இன்னா எழுதியிருக்காரு?"

"வெள்ளிக்கெழமதான் பாக்கணும்னு சொன்னீங்களே."

திரும்பவும் பீன்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததை நான் நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பொரியலில் பீன்ஸ் பொடிப்பொடியாகக் கிடந்தது. அதையும் பார்த்தேன். பற்களுக்குச் சுலபமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு ஜப்பானில் நடுவர் கத்தரிக்கோலால் உறையைக் கத்தரித்தார். வெள்ளி முன்னேறவில்லை. தங்கம் என்கிற காய் ஓர் அடி பின்வாங்கியிருந்தது. என் ஊகம் தவறியது என்பதைக் குழுவுக்காகக் குறித்துக்கொண்டேன். பின்வாங்கியதில் சவால் விட்டவரின் குத்தலில் வேகம் போய்விட்டது. உறையில் ஒட்டிவிட்டதால் அவர் அதைச் செய்துதான் ஆக வேண்டும். நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். பிறகு காபி போட்டுக் குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மச்சான் வீட்டுக்குப் போனேன். மாங்காய் சீசன். ஃபேக்டரிக்குப் போகிற டிராக்டர்கள் சாலையை அடைத்து நின்றன. தெரு முழுக்கப் பழ வாசனை. சிறுநீரகம் போனவருக்கு மாம்பழம் கூடாது. தண்ணீரும் அளவுதான். மச்சான் ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார். காலையிலிருந்து இரவு வரை அந்தக் கோடு வரைக்கும்தான். வாய் வறண்டால் மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வார். மூன்று வருடம் அப்படித்தான். அன்றைக்கு அவர் பக்கத்தில் பாட்டில் இல்லை. சொம்பு இருந்தது. பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன்.

ஃபோனில் வந்த நகர்வுகளை மச்சான் தன் அட்டைக் காய்களால் பலகையில் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தார். சவால் விட்டவருக்கு நிலைமை மோசமாகிவிட்டது. சவால் விட்டவர் தன் பெரிய காய் ஒன்றை வெட்டுக் கொடுத்து எதிரி ராஜாவை நெருங்கிப் பார்த்தார். ஷோகியில் வெட்டுப்பட்ட காய் சாவதில்லை. வெட்டியவன் கைக்குப் போய் அவனுடைய ஆளாகத் திரும்பி வரும். அதனால் பலி கொடுத்தவருக்கு இரட்டை நஷ்டம். கரடிப் பொந்து அசையவில்லை. மணி இரண்டே முக்கால் வாக்கில் சவால் விட்டவர், தன் ராஜா அடுத்த நகர்வில் சிக்கும் என்று தெரிந்தே, அதைக் காப்பாற்றாமல் எதிரி ராஜாவுக்கு ஒரு மிரட்டல் வைத்தார்.

இதுதான் நான் எப்போதும் நெஞ்சு நிமிர்த்தி விளக்குகிற கட்டம். மச்சானுக்கு விளக்கினேன். இவர் ஜெயிப்பதற்காக ஆடவில்லை, தோற்றது தெரிந்துவிட்டது, குறிப்பேட்டில் ஒரே நகர்வு வித்தியாசத்தில் தோற்றதாகத் தெரிய வேண்டும், பார்க்கிறவர்களுக்கு ஆட்டம் அழகாக முடிய வேண்டும், அதற்காக ஒழுங்குபடுத்துகிறார்.

"எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டுப் போறாப்பல," என்றார் மச்சான்.

"அதேதான். பாருங்க, இப்ப தண்ணி குடிப்பாரு. தோக்கப் போறவரு ஒரு வாய் குடிச்சி, துணிய சரி பண்ணிக்கினு, அப்புறம்தான் தல குனிவாரு. அதுக்கப்புறம் தோத்துட்டேன்னு எதிர்ல உக்காந்திருக்கிறவரு காதுல விழறாப்பல வாயால சொல்லணும். சும்மா எழுந்துபோக முடியாது."

திரையில் அவர் குவளையை எடுத்துக் குடித்தார். நான் சொன்ன மாதிரியே நடந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம். "பாத்தீங்களா," என்று திரும்பினேன். மச்சான் சொம்பைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். காலியாக இருந்தது.

ஜப்பானில் இருந்த மனிதன் ஒரு வாய் குடித்ததிலிருந்து அவன் மனதை முழுசாகப் படித்துவிட்டேன். இரண்டு அடி தள்ளி ஒரு சொம்பு.

அந்த நேரத்தில் மனைவி வந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா. அண்ணனைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்து, "போய் பால் வாங்கினு வாங்க," என்றாள்.

"வெறும் காப்பிதான மச்சான் குடிப்பாரு."

"வாங்கினு வாங்க."

பக்கத்துக் கடையில் பால் தீர்ந்திருந்தது. ரயில்வே கேட் வரை நடந்தேன். திரும்பி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மச்சான் கட்டிலில், சுவர் பக்கம் பார்த்து. இருவர் கண்ணும் சிவந்திருந்தது. பலகையைக் கலைத்துக் காய்களைப் பையில் போட்டிருந்தார்கள். நான் பாலை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. மூன்று வருடத்தில் நான் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆட்டம் நடந்து முடிந்திருந்தது. எனக்குக் கிடைத்தது அரை லிட்டர் பால்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஆள் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்து ஒன்றும் தோன்றவில்லை. மச்சான் எனக்கு முன்னால் வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது.

"பிரி," என்றார்.

பிரித்தேன். காய்ந்த பருக்கை உதிர்ந்தது. "வரமாட்டேன்" என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து, இரண்டாவது தடவையாக.

எனக்கு வாயில் வந்தது இதுதான்: "சீல் வெச்சத மாத்தினா தோல்வி மச்சான்."

"தெரியும்," என்றார். "உன் பொண்டாட்டிகிட்ட போய் சொல்லு. நேத்து வந்து, பேப்பர்ல எழுதற வேலையெல்லாம் வேணாம், என் எதிர்ல உக்காந்து மூஞ்சிய பாத்து வாயால சொல்லுன்னா. நீ சொன்ன ரூல்தான அதுவும். மூணு தபா வாயத் தொறந்தேன் மாப்ள. சொல்ல முடியல."

பஸ் வந்து நின்றது. நான் எழுந்திருக்கவில்லை.

"எங்கிட்ட மட்டும் எழுதிக் குடுத்தீங்களே."

"உங்கிட்ட சுலுவு," என்றார். "நீ ஃபோன பாத்துக்கினு இருப்ப."

கிண்டலாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஏறி உட்கார்ந்தோம். ஜன்னல் பக்கம் அவருக்கு.

திருப்பதியில் முதலில் எடை பார்ப்பார்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. மச்சானுக்கு நாலு கிலோ இருநூறு ஏறியிருந்தது. மெஷின் பார்க்கிற பெண் எடையை இரண்டு முறை பார்த்தாள். "ஏம் சார், இன்னி நீள்ளு தாகினாரா?" என்றாள். இத்தனை தண்ணியா குடித்தீர்கள் என்று கேட்கிறாள். மச்சான் தெலுங்கிலேயே, வெயிலம்மா என்றார். நான் வியாழக்கிழமை நினைத்த அதே பொய்.

அவ்வளவையும் ஒரே நாளில் எடுக்க முடியாது, எடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும், மிச்சத்துக்கு நாளைக்கும் வர வேண்டும் என்றாள் அந்தப் பெண். இனிமேல் வரவே மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு வாரத்தில் ஒரு நாள் கூடிப்போனது. மச்சான் என்னைப் பார்த்தார். ஆய்வாளனான நான் நாளைய பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணினேன்.

இரண்டாவது மணி நேரத்தில் கால் இழுத்துக்கொண்டது. தண்ணீரை வேகமாக எடுத்தால் அப்படித்தான் ஆகுமாம். ஆடுசதை கல்லாகிவிட்டது. சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் ஃபோனைத் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு, பாதத்தை நெஞ்சோடு அணைத்து முன்னால் தள்ளிப் பிடித்தேன். விட்டால் மறுபடி இழுத்தது. பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. மெஷினில் மிச்ச நேரம் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை மறைக்க எனக்குக் கை இல்லை.

வலி கொஞ்சம் விட்டதும் கேட்டார்.

"நாளைக்கு ஆட்டம் கீதா மாப்ள?"

"இல்ல மச்சான். அடுத்தது பத்து நாளு கழிச்சித்தான்."

"பத்து நாளா." கண்ணை மூடிக்கொண்டார். கணக்குப் போடுகிறாரோ என்று பயந்தேன்.

"சரி, பழசையே போடு," என்றார். "அந்தத் தங்கத்த ஏன் பின்னால இழுத்தான்னு பாப்பம். கால விட்டுடாத."